பொன்னுசாமி பிழைத்தார்

ஜூன் 14, சனி

பொன்னுசாமி இன்று மூன்று முறை இறந்துபோனார்.

மூன்றாவது முறை டாக்டர் ரிஸ்வான் அவருடைய கையைத் தட்டிக்கொடுத்து, "அண்ணாச்சி, நாங்க டீ குடிச்சிட்டு வாறோம். அதுக்குள்ள உயிரோட வந்திருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுசாமி மட்டும் மேலே பார்த்தபடி கிடந்தார். அவர் ரப்பர் பொம்மை. ஆனால் முழு ஆள் உயரம் இருப்பார், மூச்சு விடுவார், கையைப் பிடித்தால் நாடி துடிக்கும். சுவருக்குப் பின்னால் கணினி முன் உட்கார்ந்து கோமதிநாயகம் சார் ஒரு பொத்தானை அழுத்தினால் துடிப்பு நின்றுவிடும். அப்போது டாக்டர்கள் அவரைக் காப்பாற்ற வேண்டும். அதுதான் பாடம்.

என் அம்மா அவசர சிகிச்சைப் பிரிவில் மேல்படிப்பு படிக்கிறாள். டாக்டர் பியூலா. அவளோடு படிப்பவர்களில் அவளுக்குத்தான் வயது அதிகம். சனிக்கிழமைகளில் அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பந்தயங்களுக்குப் போய்விடுவார் (அவர் விளையாட்டு ஆசிரியர்). வீட்டில் என்னைத் தனியாக விட அம்மாவுக்கு மனசு வராது. அதனால் பயிற்சி அறையின் மூலையில் ஒரு நாற்காலி எனக்கு. கையில் நூலகப் புத்தகம் இருந்தது. ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

ஒன்பதாம் வகுப்பு வரை நான் பார்த்த வகுப்புகளிலேயே இதுதான் மேலானது. யாரும் யாரையும் நோட்டு எழுதச் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

அறிவியல் கண்காட்சிக்குக் குழு பிரித்துவிட்டார் ஞானம் டீச்சர். எனக்கு மேபலும் நஸ்ரினும். தலைப்பு: இதயம் எப்படி வேலை செய்கிறது. பம்பு, குழாய், சிவப்புத் தண்ணீர் வைத்து ஓடுகிற இதயம் செய்யப் போகிறேன். மேபல், "நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விளக்கிச் சொல்வதற்குள் நானே செய்துவிடலாம்.

மதியம் நூலகத்தில் சாப்பிட்டேன். அங்கே அமைதியாக இருக்கும். எனக்கு அமைதி பிடிக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

ஒட்டுக்கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன்.

அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்தத் தடவையும் செய்முறைல போச்சுன்னா நான் பழைய நர்சிங் ஹோமுக்கே போயிருதேன். போதும். பிள்ளையும் வளந்துட்டா."

அப்பா, "ஒரு பந்தயத்துல தோத்ததுக்கு யாராவது கால வெட்டிப் போடுவாங்களா?" என்றார். அப்பாவுக்கு எல்லாமே பந்தயம்தான்.

விஷயம் இதுதான். ஏப்ரலில் அம்மா எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். செய்முறையில் தேறவில்லை. செப்டம்பரில் மறுபடி தேர்வு. கடைசிக் கட்டத்தில் ஒரு பொம்மை நோயாளி, ஒரு குழு, தேர்வாளர்கள். அம்மா அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி நோயாளியைப் பிழைக்க வைக்க வேண்டும்.

பழைய நர்சிங் ஹோம் நாங்குநேரி பக்கம் இருக்கிறது. அம்மா அங்கே பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். அங்கிருந்து வரும்போதெல்லாம் முகம் வாடிய கீரை மாதிரி இருக்கும். பயிற்சி அறையிலிருந்து வரும்போது, பொன்னுசாமி செத்த நாளில்கூட, ஸ்கூட்டரில் பாட்டு முணுமுணுக்கிறாள். இதை அம்மாவே கவனித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அவள் தேற வேண்டும். நான் யோசிக்கப் போகிறேன்.

ஜூன் 23, திங்கள்

யோசித்துவிட்டேன். அட்டைகள்.

ஜூன் 29, ஞாயிறு

ஒவ்வொரு அட்டையிலும் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. அம்மாவின் தடித்த புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். மருந்துகளின் பெயரை எழுதவே நாக்கு சுளுக்கிக்கொண்டது.

அம்மா தோசை சுட்டுக்கொண்டே, என் பையைத் தேடி எடுத்துக்கொண்டே, அப்பாவின் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். நான் தவறாக எழுதியிருந்த நாலு அட்டையையும் திருத்தினாள். அவளுடைய காபி சமையல் மேடையில் ஆடை கட்டிக் கிடந்தது. எப்போதும் அப்படித்தான் கிடக்கும். ஆறிய காபிதான் அவளுக்குப் பிடிக்கும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

ஆக, நோய் படிப்பில் இல்லை. என் முதல் கண்டுபிடிப்பு தப்பு.

ஜூலை 5, சனி

அப்பாவின் கண்டுபிடிப்பு: குரல். "உங்கம்மா பேசினா பக்கத்துல நிக்கிற கொசுவுக்கே கேக்காது. லீடர்னா சத்தம் வேணும்."

காலையிலேயே அம்மாவைப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப் போனார். விசிலோடு. கோல் கம்பத்தருகே அம்மாவை நிறுத்தி, அந்தக் கோடியிலிருந்து அவர், "சத்தமா! வயித்துல இருந்து!" என்று கத்தினார்.

அம்மா ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினாள். பிறகு தன்னால் முடிந்த மட்டும் கத்தினாள்: "யாராவது ஊசி போடுங்க!"

மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு நின்றார். பிறகு முன்பைவிட வேகமாக ஓடினார்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும். வீடு வந்து சேரும்போது அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மதியம் பயிற்சி அறையில் பேச்சே வரவில்லை. பொன்னுசாமி அவள் கையால் இரண்டு முறை இறந்தார்.

ஜூலை 8, செவ்வாய்

இதயம் ஒழுகுகிறது. வலது மேலறையும் கீழறையும் சேரும் இடத்தில். மேஜை எல்லாம் சிவப்பு. நஸ்ரின் எட்டிப் பார்த்து, "எங்க வாப்பா ப்ளம்பிங் கடை வச்சிருக்காங்க" என்றாள். அப்படியா என்றேன். துணி எடுத்துத் துடைத்தேன்.

ஜூலை 12, சனி

இன்று எனக்கு வேலை கொடுத்தார்கள்!

கோமதிநாயகம் சார் என் நாற்காலிக்கு வந்து, "என்னம்மா, வாராவாரம் சும்மா உக்காந்து புஸ்தகத்தப் பிடிச்சிட்டிருக்க? நடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். பள்ளியில் ஒருமுறை மரமாக நடித்திருக்கிறேன் என்றேன். "நல்லதாப் போச்சு. இன்னைக்குப் பொன்னுசாமியோட மக. அப்பா மார்பு வலின்னு விழுந்துட்டாரு. நீ அழணும். டாக்டர்மாரை நிம்மதியா வேல பாக்க விடக் கூடாது. நெசத்துல அப்படித்தான இருக்கும்?"

முதலில் டாக்டர் ரிஸ்வான் தலைவர். நான் ஓடிப்போய், "ஐயோ தந்தையே! என்னைத் தனியே தவிக்கவிட்டு எங்கே செல்கிறீர்கள்?" என்று அலறினேன். டாக்டர் ரிஸ்வானுக்குச் சிரிப்பு வந்து, முகமூடிக்குள்ளேயே இருமினார். சார் சுவருக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில், "தந்தையேன்னு பாளையங்கோட்டைல யாரும் கூப்பிட மாட்டாங்க, தாயி" என்றார். ஆனாலும் டாக்டர் ரிஸ்வான் தேறிக்கொண்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே, "பேச்சி சிஸ்டர், இந்தப் பிள்ளையக் கூட்டிட்டுப் போய்ப் பேசுங்க" என்றார். "கூட்டிட்டுப் போறேன் டாக்டர்" என்று சொல்லி பேச்சி சிஸ்டர் என் தோளைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோனார். பொன்னுசாமி பிழைத்தார்.

அடுத்து அம்மா.

இந்தமுறை, "எப்பா! எப்பா! என்னப் பாருங்கப்பா!" என்று அழுதேன். அழ ஆரம்பித்ததும் உண்மையாகவே கண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. ஏப்ரலில் முடிவு வந்த அன்று அம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் இருந்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான்.

அம்மா பொன்னுசாமியின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்திக்கொண்டே திரையைப் பார்த்தாள். "யாராவது மருந்து ஏத்துங்க" என்றாள். பேச்சி சிஸ்டரும் டாக்டர் ரிஸ்வானும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மாவே கையை எடுத்துவிட்டு மருந்தை ஏற்றினாள். திரும்ப ஓடிவந்து அழுத்தினாள். அப்போது நான் அழுவது அவள் காதில் விழுந்தது. விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "அழாத மக்ளே, ஒண்ணுமில்ல" என்றாள்.

திரையில் கோடு நேராக ஓடியது.

பிறகு பேச்சி சிஸ்டர் மெதுவாக, "பொன்னுசாமி அண்ணாச்சிக்கு வாச்ச விதி. சொந்த மகளாலயே போய்ச் சேந்தாரு" என்றார்.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். யார் மேலும் குற்றம் சொல்லக் கூடாது. நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். சார் அம்மாவிடம் கேட்டார்: "ரூம்ல எத்தன பேர் இருந்தீங்க?"

"அஞ்சு பேர் சார்."

"அப்போ கை?"

"பத்து."

"நீங்க எத்தனைய வச்சு வேல பாத்தீங்க?"

அம்மா தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பியூலா, நீங்க பதினோரு வருஷம் ஒரு சிஸ்டரை வச்சுக்கிட்டு ராத்திரிபூரா ஓடுனவங்க. அங்க உங்க கையத் தவிர வேற கை கெடையாது. அந்தக் கை கெட்டிக்காரக் கை, நான் இல்லேங்கல. ஆனா இங்க அதைக் கட்டிப்போடணும். இன்னொண்ணு. யாராவது, யாராவதுங்கீங்களே, அப்படி ஒருத்தரை நான் இந்த ஆஸ்பத்திரில பாத்ததே இல்ல. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. கூப்பிட்டவங்க அதைத் திருப்பிச் சொல்லணும். முடிச்சதும் முடிச்சேன்னு சொல்லணும். இதுல சத்தம் ஒண்ணும் வேண்டாம்."

"பேரச் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சமா இருக்கு சார். வேல ஏவுற மாதிரி இருக்கு."

"ஏவுறதுதான் இங்க வேல" என்றார் சார்.

ஸ்கூட்டரில் அம்மா இன்று பாட்டு முணுமுணுக்கவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து யோசித்தேன். பாலம் தாண்டுவதற்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

சமையலறை வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன்.

விதி ஒன்று: அம்மா கோட்டைத் தாண்டக் கூடாது. விதி இரண்டு: அம்மா ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். விதி மூன்று: பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும், முடித்ததும் முடித்தேன் என்று சொல்ல வேண்டும். நோயாளி: சொதிக் குழம்பு.

சொதிதான் சரியான நோயாளி என்று நான் ஆராய்ந்து முடிவு செய்தேன். கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றியதும் தீயைக் குறைக்காவிட்டால் திரைந்துபோகும். பிறகு யார் நினைத்தாலும் பிழைக்க வைக்க முடியாது.

அம்மா சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்தாள்.

"ஹெப்சி, தேங்கா துருவு."

"தேங்கா துருவுதேன்."

அதுவரை நன்றாகத்தான் போனது. அடுத்தது அப்பாவின் முறை. அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். "ஏங்க..." என்றாள்.

"விதி மூணு" என்றேன்.

"ஏட்டி, அவங்களை எப்பிடிப் பேர் சொல்லி..."

அம்மா அப்பாவைப் பேர் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஏங்க, இல்லாவிட்டால் ஹெப்சி அப்பா. ரேஷன் கடையில் கணவர் பெயர் கேட்டால்கூட என்னைச் சொல்லச் சொல்வாள். அப்பா கையில் கத்தியோடு, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஜெபராஜ்" என்றாள். "உருளக்கிழங்கு நறுக்குங்க."

அப்பாவின் காது இரண்டும் சிவந்துவிட்டது. "இன்னொரு தடவ சொல்லு, சரியாக் கேக்கல" என்றார். நன்றாகத்தான் கேட்டிருக்கும்.

"திருப்பிச் சொல்லுங்கப்பா!" என்றேன் நான்.

"உருளக்கிழங்கு நறுக்குதேன், டாக்டர்."

முருங்கைக்காய், பீன்ஸ், இஞ்சிச் சாறு எல்லாம் ஒழுங்காக நடந்தன. கெட்டிப்பால் ஊற்றியதும் ஓரத்தில் குமிழி வந்தது. அம்மா பதறி, "யாராவது அடுப்பக் குறைங்க!" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அம்மாவின் கால் கோட்டைத் தாண்டியது. அதற்குள் சொதி திரைந்துவிட்டது.

வட்டமாக உட்கார்ந்து பேசினோம். யார் மேலும் குற்றம் சொல்லாமல் திரைந்த சொதியைச் சாப்பிட்டோம். அப்பா மட்டும் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

சொதி திரைந்தது.

ஜூலை 27, ஞாயிறு

சொதி திரைந்தது. ஆனால் இந்தமுறை தவறு என்னுடையது. அம்மா, "ஹெப்சி, அடுப்பக் குறை" என்று சரியாகத்தான் சொன்னாள். நான் திருப்பிச் சொல்லிவிட்டு அடுப்பை அந்தப் பக்கம் திருகிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சொதி பிழைத்தது!! அப்பா விசில் ஊதினார். பக்கத்து வீட்டு எலிசபெத் ஆன்ட்டி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன பியூலா, வீட்ல மேட்சா?" என்று கேட்டார்.

அம்மா கையில் துண்டைப் பிடித்தபடி, "ஆமாக்கா, ஜெபராஜ் ஜெயிச்சுட்டாரு" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எலிசபெத் ஆன்ட்டியின் தலை மதிலுக்குப் பின்னால் மெல்ல இறங்கியது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

ஆகஸ்ட் 9, சனி

பொன்னுசாமி அம்மா கையில் பாதி பிழைத்தார். அதாவது நாடி வந்து, பிறகு போயிற்று. மருந்து ஏற்றும்போது அம்மாவின் கை மறுபடி தானாகப் போய்விட்டது. சார், "வருதும்மா, வருது" என்றார். அம்மா திரும்பி வரும்போது அரைப் பாட்டு முணுமுணுத்தாள்.

எனக்குக் கவலையாக இருக்கிறது. வீட்டில் இருப்பது நானும் அப்பாவும். பயிற்சி அறையிலும் தெரிந்தவர்கள். தேர்வு நடப்பது வேறு ஊரில். குழுவில் எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். அத்தனை பேர் முன்னால் அம்மா பேர் சொல்லி ஏவுவாளா?

ஆகஸ்ட் 13, புதன்

இதயம் இன்னும் ஒழுகுகிறது. நாலு விதமான பசை போட்டுப் பார்த்தேன். மேபல், "படமாவது நான் வரையட்டுமா? எனக்குப் படம் நல்லா வரும்" என்றாள். அவள் நன்றாக வரைவாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அளவு, குறி எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமே. பார்க்கலாம் என்றேன். அவளும் நஸ்ரினும் வராந்தாவில் போய் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைப் பற்றிச் சிரிக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கை வலிக்கும் வரை எழுதப் போகிறேன்.

இன்று எங்கள் கோயிலில் (சர்ச்சில்) அசனம். சபையார் அத்தனை பேரும் சேர்ந்து சமைத்து, ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடும் பண்டிகை. ஆராதனை முடிவதற்கு முன்பே கோயில் வளாகத்தில் பெரிய அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஆண்கள் சோறு வடித்து, விரித்த பாய்களில் மலை மாதிரி கொட்டி, வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் சாம்பார் அண்டாக்கள். ஆட்டுக்கறி வாசனையில் கடைசி ஜெபத்தில் யாருடைய கண்ணும் மூடியிருக்கவில்லை.

திடீரென்று வானம் கறுத்தது. ஆகஸ்டில் எங்கள் ஊரில் மழையா என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பெரிய பெரிய துளியாக விழுந்தது.

சோறு! அத்தனை சோறும் திறந்த வெளியில்!

குருவானவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஒலிபெருக்கியில், "யாராவது தார்ப்பாய எடுத்துட்டு வாங்க! யாராவது சோத்தத் தூக்குங்க!" என்று கத்தினார். எல்லாரும் எல்லாப் பக்கமும் ஓடினார்கள். தார்ப்பாய் அறையின் சாவி யாரிடம் என்று மூன்று பேர் சண்டை போட்டார்கள். ஒருவர் வெறுமனே ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடினார். ஒலிபெருக்கி நனைந்து கீச்சிட்டு நின்றுபோனது.

அம்மா சோற்றுப் பாயின் ஒரு முனையைத் தனியாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பாய் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். "எம்மா. கோடு."

அம்மா என்னைப் பார்த்தாள். பாயை விட்டாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, புடவை முந்தானையை முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஜெபராஜ்" என்றாள். கத்தவில்லை. "உபதேசியார் இடுப்புல சாவி இருக்கு. தார்ப்பாய் ரூமைத் திறங்க."

அந்த இரைச்சலில் அப்பாவுக்கு எப்படிக் கேட்டதோ. திரும்பினார். "தார்ப்பாய் ரூமைத் திறக்குதேன்!"

"தங்கதுரை அண்ணாச்சி, நீங்க நாலு பேரோட அந்தப் பாய். ஸ்டீபன், நீ நாலு பேரோட இந்தப் பாய். ரெண்டும் ஞாயிறு பள்ளி ஹாலுக்குள்ள. எலிசபெத்தக்கா, ஹால்ல பெஞ்செல்லாம் ஓரமா ஒதுக்குங்க. அண்டாவுக்கு மூடி... கிருபாகரன், மூடி."

தங்கதுரை அண்ணாச்சி தேங்காய் மண்டி வைத்திருப்பவர். அவரைப் பார்த்தால் எல்லாருக்கும் பயம். அவர் ஒரு நொடி நின்றார். நான் பக்கத்தில் போய், "திருப்பிச் சொல்லணும் மாமா" என்றேன். அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "பாயத் தூக்குதேன்மா!" என்றார்.

அதன்பிறகு வளாகம் முழுக்கக் குரல்கள். "தூக்குதேன்!" "மூடிட்டேன்!" "பெஞ்ச் ஒதுக்கியாச்சு பியூலா!" எல்லாரும் அவரவர் பெயர் எப்போது வரும் என்று நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏதோ பரிசுக்குக் கூப்பிடுவது மாதிரி. பெயர் தெரியாதவர்களிடம் அம்மா, "கோடு போட்ட சட்டத் தம்பி, உங்க பேர் என்ன?" என்று கேட்டாள். "எட்வின்க்கா!" "எட்வின், விறகை உள்ள எடுங்க."

மழை வலுத்துக் கொட்டத் தொடங்கியபோது அண்டாக்களுக்கு மேல் தார்ப்பாய் இருந்தது. வெளியே நனைந்துகொண்டிருந்தது நாற்காலியும் அம்மாவும் மட்டும்தான்.

பந்தி ஞாயிறு பள்ளி ஹாலில் நடந்தது. குருவானவர் நன்றி ஜெபத்தில் மழைக்காகவும் நன்றி சொன்னார், சோற்றுக்காகவும் சொன்னார். பிறகு சற்று நிறுத்தி, "டாக்டரம்மாவுக்காகவும்" என்றார். தங்கதுரை அண்ணாச்சி எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

அம்மா நனைந்த புடவையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "ஏட்டி, என் கால் நடுங்கிட்டே இருந்துச்சு" என்று என் காதில் சொன்னாள். "தெரியவே இல்லம்மா" என்றேன். தெரிந்தது. நாற்காலி ஆடியது.

செப்டம்பர் 6, சனி

பொன்னுசாமி பிழைத்தார். முழுசாக. அம்மாவின் கை இரண்டும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. நான் உயிரை விட்டு அழுதேன். அம்மா என் பக்கம் திரும்பாமலேயே, "பேச்சி சிஸ்டர், இவங்ககூட இருங்க" என்றாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காதது இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

டாக்டர் ரிஸ்வான் பொன்னுசாமியின் காதில், "அண்ணாச்சி, பொழச்சிட்டீங்க. வீட்டுக்குப் போய்ச் சொதி சாப்பிடுங்க" என்றார். சொதிக் கதை அங்கே வரைக்கும் எப்படிப் போனதோ. அப்பாவாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 10, புதன்

அம்மா ரயிலேறிவிட்டாள். நாளை தேர்வு. நடைமேடையில் அப்பா விசிலை எடுத்தார். அம்மா, "ஜெபராஜ், அதைப் பையில வைங்க" என்றாள்.

"பையில வைக்குதேன்."

செப்டம்பர் 11, வியாழன்

கணக்கு வகுப்பில் மனசு ஓடவில்லை. தமிழ் வகுப்பிலும் ஓடவில்லை. மதியம் நூலகத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அப்படியே மூடினேன்.

சாயங்காலம் போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"உள்ள போனதும் மொதல்ல எல்லார் பேரும் கேட்டேன்" என்றாள் அம்மா. "தேர்வாளர் ஒருத்தர் வாட்சைப் பாத்தாரு. நான் விடல. ஆறு பேரையும் கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். பாதில ஒரு அம்மா வந்து சொந்தக்காரங்களா அழுதாங்க. அனிதா சிஸ்டரை அவங்ககிட்ட அனுப்பிட்டேன்."

"அந்தம்மா நல்லா அழுதாங்களா?"

"உன்ன மாதிரி வராது."

"உன் கை?"

"முந்தானையப் பிடிச்சிட்டே நின்னேன். வெளிய வந்து பாத்தா ஒரே கசங்கல்."

"அங்க உள்ள பொம்மைக்குப் பேர் என்ன?"

"பேரே வைக்கலையாம். எனக்கு மனசு கேக்கல. மனசுக்குள்ள பொன்னுசாமின்னே வச்சுக்கிட்டேன்."

"பொழச்சாரா?" என்று அப்பா கேட்டார். அவர் குரல் கொசுவுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"பொழச்சிட்டாரு, ஜெபராஜ்."

முடிவு இரண்டு வாரத்தில் வரும்.

செப்டம்பர் 12, வெள்ளி

காலை, வகுப்பறை, ஒழுகுகிற இதயம். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பேர் சொல்லிக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. அம்மாவுக்கு நாற்காலியில் இப்படித்தான் இருந்திருக்கும்.

"நஸ்ரின், இந்த இணைப்பை உங்க வாப்பாகிட்ட காட்டி என்ன செய்யணும்னு கேட்டுட்டு வா. மேபல், நீ படம் வரை."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"திருப்பிச் சொல்லணும்" என்றேன்.

"என்னத்தட்டி திருப்பிச் சொல்லணும்?" என்றாள் மேபல். விளக்கினேன். பொன்னுசாமி, சொதி, அசனம், எல்லாம். மதிய மணி அடித்ததும் தெரியாமல் விளக்கிக்கொண்டிருந்தேன். நூலகத்துக்குப் போக நேரமில்லை. வராந்தாவிலேயே மூன்று பேரும் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 18, வியாழன்

இதயம் ஒழுகவில்லை. நஸ்ரினின் வாப்பா ஒரு ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார். மேபல் வரைந்த படத்தைப் பார்த்து ஞானம் டீச்சர், "இது யார் வரைஞ்சது?" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாம் பரிசு. முதல் பரிசு எரிமலைக்கு. எரிமலைக்கு எப்போதும் முதல் பரிசு கொடுத்துவிடுகிறார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

அம்மா தேறிவிட்டாள்.

அப்பா தெருவில் நின்று விசில் ஊதினார். எலிசபெத் ஆன்ட்டி மதிலுக்கு மேல் வந்து அழுதார். தங்கதுரை அண்ணாச்சி ஒரு குலை இளநீர் கொடுத்தனுப்பினார். டாக்டர் ரிஸ்வான் போனில், "பொன்னுசாமி அண்ணாச்சி வாழ்த்து சொல்லச் சொன்னாரு" என்றார்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று காலை அம்மா சமையலறை வாசலில் நின்றாள். சாக்பீஸ் கோடு என்றைக்கோ அழிந்துவிட்டது. ஆனாலும் அதே இடத்தில்தான் நின்றாள்.

"ஜெபராஜ், தோச."

"தோச ஊத்துதேன்."

"ஹெப்சி, சாப்பாட்டுப் பெட்டி ரெண்டும் கட்டு. உன் பையையும் நீயே எடு."

"பெட்டி கட்டுதேன். பைய எடுக்குதேன்."

பிறகு அம்மாவுக்கு ஏவ வேறு வேலை இல்லை. கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேடையிலிருந்து காபி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

நாக்கைச் சுட்டுக்கொண்டாள். பழக்கமில்லை.